முபாரிஸின் கறுப்புச் சட்டை

ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறியும் ஓடவில்லை. ஆனாலும் கதவின் பின்னால் தொங்கிய முபாரிஸின் கறுப்புச் சட்டை மெல்ல அசைந்ததைப் போல அக்கீலாவுக்குப் பட்டது.

டெங்குக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய் இரண்டு கிழமைதான். கணவனை இழந்தவள் அந்நிய ஆண் கண்ணில் படாமல் நான்கு மாதமும் பத்து நாளும் இருக்கும் இத்தாவில், கடலோரக் களப்பின் காற்றும் நுழையாத அந்த அறையில், அவள் இருந்தாள். சட்டையை எடுத்து முகத்தில் வைத்து முகர்ந்தாள். வியர்வை, சவர்க்காரம், உப்பளத்து வாடை. மடிப்பிலிருந்து ஒரு நுளம்பு எழும்பியது. அதன் கால்களில் டெங்குக் கொசுவின் வெள்ளை வளையங்கள்.

அடிக்கப் போனவள் நின்றாள். அவரைக் கடித்தது இதுதானோ? அப்படியென்றால் அவருடைய இரத்தம் இன்னும் இதற்குள் இருக்குமே. நுளம்பு அவள் முழங்கையில் அமர்ந்து குத்தியது. "வந்திட்டீங்களா?" என்று கேட்டு விம்மி விம்மி அழுதாள்.

எறும்பு ஏறாமலிருக்க அலுமாரிக் கால்களின் கீழ் அவர் வைத்த கிண்ணங்களில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டாள். அதில் நெளிந்தவை அவள் நிழல் பட்டதும் அடியில் ஒளிந்தன. வளர்ந்தவை கட்டிலின் கீழும் சட்டை மடிப்பிலும் சத்தமில்லாமல் தங்கின. காலையில் வந்தன. அந்தியில் வந்தன. அவள் கையை நீட்டினாள். ஐந்து வயது மகள் ஸும்ராவை மட்டும் வலைக்குள் படுக்கவைத்தாள். அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

தங்கை நஃபீஸா கதவைத் தட்டினாள்.

"ராத்தா, நுளம்புக்குப் புகை அடிக்க வந்திருக்காங்க. கொஞ்சம் மத்த அறைக்கு வாங்களேன்."

"நான் இத்தாவில இருக்கிறன். ஆம்பிளையாக்கள இங்க விட ஏலா எண்டு சொல்லு."

மற்ற அறைக்குப் போனால் போதும் என்பது அவளுக்கும் தெரியும். வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள்.

பின்னேரம் கண்ணசந்தவள் திடுக்கிட்டு விழித்தாள். வலை விலகிக் கிடந்தது. பிள்ளை இல்லை.

கதவடியில் நின்றாள் ஸும்ரா. சட்டையின் கைக்குள் தன் கையை விட்டிருந்தாள். அக்கீலா இழுத்தாள். தோள்வரை கறுப்புப் புள்ளிகள். அசையும் புள்ளிகள். பிள்ளையின் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது.

"யா அல்லாஹ்!"

தட்டிவிடக் கை ஓங்கினாள். ஸும்ரா தன் கையை நெஞ்சோடு மறைத்துக்கொண்டாள். சிவந்த கண்களால் சிரித்தாள்.

"அடிக்காதீங்க உம்மா. ஒவ்வொரு நாளும் வாப்பா எனக்கிட்டயும்தான் வாறாரு."