பூட்டு வெளியே... சாவி உள்ளே!

இந்தக் காலத்து ஆட்களுக்கு வீட்டை வாடகைக்கு விடுவதற்குப் பதில் இடித்துப் போட்டுவிடலாம்.

வீட்டுக்காரர் அப்படித்தான் நினைத்தார். எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் சொல்லியும் விட்டார். முன்பெல்லாம் 'காலி பண்ணு' என்றால் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் கிளம்புவார்கள். இப்போது? 'நோட்டீஸ் கொடுங்க' என்கிறார்கள். 'சட்டத்துல இடம் இருக்கு' என்கிறார்கள். சுவரில் ஆணி அடிக்க நம்மைக் கேட்க மாட்டார்கள். ஆனால் நாம் கதவைத் தட்டாமல் உள்ளே போனால் மட்டும் உரிமை பேசுவார்கள். யார் வீட்டில் யாருக்கு உரிமை?

யாரையும் நம்பக் கூடாது. வாடகைக்கு இருப்பவர்களை நம்பவே கூடாது.

இப்படி முணுமுணுத்துக்கொண்டேதான், மூன்றாம் மாடி வீட்டைக் கள்ளச்சாவி போட்டுத் திறந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். திரும்பினார்.

கூடத்தின் நடுவில், தரையில்...

ஒரு பிணம்!

ஆண். நடுத்தர வயது. மல்லாந்து கிடந்தான். நெற்றியில் பிளந்த காயம். அதிலிருந்து வழிந்த ரத்தம் காதோரமாக இறங்கிச் சட்டைக் காலரில் உறைந்திருந்தது. மூடிய திரைச்சீலை வழியே வந்த மங்கல் வெளிச்சத்தில் முகம் சாம்பல் நிறம். உதடு நீலம். வாய் லேசாகத் திறந்து...

எறும்புகள் வேறு வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன.

கத்துவதற்கு வாயைத் திறந்த வீட்டுக்காரர், பட்டென்று மூடிக்கொண்டார்.

கத்தினால் ஆள் வரும். வருகிறவன் கேட்பான். 'நீ எப்படி உள்ளே வந்தாய்?'

அதைவிட மோசமான கேள்வி ஒன்றும் பாக்கி இருந்தது. 'உன் கையில் என்ன?'

கையில் இருந்தது ஒரு ஸ்பேனர். கனமான இரும்பு ஸ்பேனர்!

அந்த ஸ்பேனர் அங்கே வந்த கதை இதுதான்.

மூன்றாம் மாடியில் குடியிருப்பவள் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். வீட்டுக்காரர் அவளை வேன்காரி என்றுதான் சொல்வார். பெயர் சொன்னால் மரியாதை கூடிவிடுமாம். கட்டடத்தை ஒருவர் விலைக்குக் கேட்கிறார். ஆனால் ஒரு ஆள் இல்லாமல் காலியாக வேண்டும் என்கிறார். முதல் மாடி மிரட்டலுக்குப் போய்விட்டது. இரண்டாம் மாடி கெஞ்சலுக்குப் போய்விட்டது.

வேன்காரி மட்டும் கோர்ட்டுக்குப் போய்விட்டாள்!

ஒப்பந்தம் முடிகிறவரை அவளை அசைக்கக் கூடாது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டை நாசம் பண்ணியிருந்தால் மட்டும் பேச்சு வேறு. அதைப் பார்க்க நாளைக்கு ஒரு அதிகாரி வருகிறார்.

நாசம்தானே? பண்ணிவிட்டால் போச்சு!

சமையலறைக் குழாயைப் பெயர்த்துவிட்டால் தண்ணீர் கீழ் மாடிவரை இறங்கும். பழி அவள்மேல். அதோடு 'ரிப்பேர் வேலை' என்று சொல்லி வெளியே ஒரு பூட்டு. வேலை முடிந்து வருகிறவள் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

பூட்டு மாட்டும் வேலையை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்திருந்தார். சாயங்காலம் மாட்டினால் போதும் என்று சொல்லியிருந்தார். அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் ரகம். அதனால் பூட்டை மட்டும் கொடுத்துவிட்டு, இரண்டு சாவியையும் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மகளைக் கொடுத்த இடத்தில் சாவியைக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

குழாயை உடைக்கத் தான் இப்போது வருவதையும் அவரிடம் சொல்லவில்லை. யாரையும் நம்பக் கூடாது அல்லவா?

சரி... இந்தப் பிணம் யார்? விருந்தாளி யாரும் தங்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தாரே! எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. பிடிபடவில்லை. கிட்டே போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. தொட்டால் கைரேகை விழும் என்பது அவருக்கும் தெரியும்.

ஓடிவிடு!

கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தார்.

வெளியே செருப்புச் சத்தம்...

உறைந்து நின்றார். சத்தம் படியேறி வந்தது. கதவுக்கு நேரே நின்றது. இரும்போடு இரும்பு உரசியது.

க்ளிக்!

தொடர்ந்து ஒரு சீட்டிச் சத்தம். மாப்பிள்ளையின் சீட்டி!

ஜென்மத்தில் எதற்கும் நேரத்தோடு வராத மனுஷன், இன்றைக்கு முன்கூட்டியே வந்து தொலைத்துவிட்டார். கூப்பிடலாமா? கூப்பிட்டால் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் பிணத்தைப் பார்ப்பார். பார்த்தால் ஊரெல்லாம் சொல்வார். அப்படியும் இப்படியும் யோசிப்பதற்குள் சீட்டி கீழே இறங்கித் தேய்ந்துவிட்டது.

கதவை இழுத்தார். அசையவில்லை.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு சாவியும் பத்திரமாக இருந்தன. பூட்டுத்தான் வெளியே இருந்தது!

கதவுக்குப் பக்கத்தில், படிக்கட்டைப் பார்த்தபடி இருந்த ஜன்னலுக்கு ஓடினார். விரல் தடிமனுக்குக் கம்பி. குடியிருப்பவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் சாமான்களைக் கடத்திவிடக் கூடாது என்று அவரே நின்று வெல்டிங் வைத்தது. பால்கனிக்குப் போனார். பால்கனி இல்லை. தன் தட்டுமுட்டுச் சாமானைப் போட இடம் வேண்டும் என்று போன வருடம் அவரே செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.

வியர்வை கண்ணில் இறங்கியது. ஃபேன் சுவிட்சைத் தட்டினார். ஓடவில்லை. எப்படி ஓடும்? அவளைப் புழுங்க வைக்கக் காலையில் பிடுங்கிய ஃப்யூஸ் அவருடைய கால்சட்டைப் பைக்குள் இருக்கிறதே!

போனை எடுத்தார். சார்ஜ் சாகக் கிடந்தது. மின்சாரம் இல்லாத வீட்டில் அதையும் ஏற்ற வழியில்லை.

கூடத்துக்குத் திரும்பினார். பிணத்தைப் பார்த்தார்.

முதலில் பார்த்தபோது வாய் திறந்திருந்தது...

இப்போது மூடியிருக்கிறதா?

புழுக்கத்தில் கண் கட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சுவரோடு சுவராக ஒட்டி நின்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

"மாப்ள, பூட்டு போட்டீங்களா?"

"கச்சிதமா போட்டாச்சு மாமா. சாயங்காலம்னு சொன்னீங்க, இப்பவே முடிச்சுட்டேன். ஒரு தடவையாவது வாயத் தொறந்து பாராட்டுங்க."

"நான் உள்ள இருக்கேன்."

"எதுக்குள்ள?"

"நீங்க பூட்டுன வீட்டுக்குள்ள."

மறுமுனையில் மூக்கிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அடக்கி வைத்த சிரிப்பு.

"சிரிக்காதீங்க மாப்ள. இங்க ஒருத்தன் செத்துக் கிடக்கான்."

சிரிப்பு நின்றது.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் ஒப்பித்தார். குழாயை உடைக்க வந்தது. ஸ்பேனர். நெற்றியில் காயம். அவள் இல்லாதபோதெல்லாம் கள்ளச்சாவி போட்டு வந்து போனது. காலையில் ஃப்யூஸைப் பிடுங்கியது. பயம் வந்தால் வாய் நிற்காது, அவருக்கும் நிற்கவில்லை.

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க அடிச்சீங்களா?"

"என்ன பேச்சு பேசறீங்க?"

"கையில ஸ்பேனர்ங்கறீங்க, தலையில காயம்ங்கறீங்க. நான் நம்பறேன். போலீஸ் நம்பணுமே."

பிறகு மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார். தான் வந்து ஜன்னல் வழியாகச் சாவியை வாங்கிக் கதவைத் திறப்பதாம். மாமா நழுவிவிடுவதாம். மறுபடி பூட்டிவிட்டு, வீட்டுக்குள் யாரோ கிடப்பது ஜன்னல் வழியாகத் தெரிகிறது என்று போலீசுக்குச் சொல்வதாம். வீட்டில் குடியிருப்பது யார்? வேன்காரி. பிணம் இருப்பது எங்கே? அவள் கூடத்தில்.

"கொலைகாரிக்குக் கோர்ட்ல வீடு குடுக்க மாட்டாங்க மாமா. கட்டடம் தானா காலியாயிடும்."

வீட்டுக்காரருக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் மனைவி மயங்கி விழுந்தபோது ஆம்புலன்ஸ் வரவில்லை. மூன்றாம் மாடிக் கதவைத்தான் போய்த் தட்டினார். வேன்காரி சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தாள். அவர் மனைவியைக் குழந்தை மாதிரி தூக்கி வேனில் கிடத்தி, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினாள். இன்றைக்கு அந்த அம்மாள் நடமாடுவது அதனால்தான்.

நெஞ்சுக்குள் ஏதோ குத்தியது. குத்தியதை ஓரமாகத் தள்ளினார். அது வேறு, இது வேறு.

"சரி மாப்ள... அவ மேலயே போட்டுருவோம். அவதான் கொன்னான்னு சொல்லிருவோம். சீக்கிரம் வாங்க."

போன் கண்ணை மூடியது.

பின்னால் ஒரு சத்தம்.

"அ... அ... அச்ச்!"

பிணம் தும்மியது!

ஸ்பேனர் நழுவி வீட்டுக்காரரின் கால் கட்டைவிரலில் விழுந்தது. அவர் அலறியது வலியிலா, பயத்திலா என்று அவருக்கே தெரியாது.

பிணம் எழுந்து உட்கார்ந்தது. மூக்கைத் தேய்த்துக்கொண்டது.

"மன்னிச்சுக்குங்க பெரியவரே. எறும்பு மூக்குக்குள்ள போயிடுச்சு. கேமரா முன்னாடி எவ்வளவு நேரம் வேணும்னாலும் மூச்சடக்குவேன். இந்த எறும்புதான் எனக்கு ஆகாது."

"நீ... நீ..."

"வேன் ஓட்டறாளே, அவளோட அண்ணன். சீரியல்ல பொணமா நடிக்கறேன்."

ஷூட்டிங் முடிந்து வந்த அலுப்பில் மேக்கப்பைக் கலைக்காமலே படுத்துவிட்டானாம். ஃபேன் ஓடாததால் தரை குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று கூடத்தில் படுத்தானாம். நெற்றியில் இருப்பது ரத்தம் இல்லை, சாயம் கலந்த சர்க்கரைப் பாகு. எறும்பு அதற்குத்தான் வந்தது.

வீட்டுக்காரருக்கு முகம் பிடிபட்டுவிட்டது. மனைவி பார்க்கும் சீரியல்! போன வாரம்கூட அதில் கிணற்றிலிருந்து இவனைத்தான் தூக்கினார்கள். சீரியல் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டு பேப்பருக்கு மேலாக அவரும் பார்த்திருக்கிறார்.

"உசுரோட இருக்கறவன் எதுக்குடா செத்த மாதிரி கிடந்த?"

"கையில இரும்போட ஒருத்தர் பூட்டைத் தொறந்துக்கிட்டு உள்ள வர்றாரு. அந்த நேரத்துக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் அதுதான்."

பிணம் தன் இடுப்புக்கு அடியிலிருந்து போனை எடுத்தது.

"சாவி திரும்பற சத்தம் கேட்டதுமே தங்கச்சிக்குப் போட்டு வச்சுட்டேன். என்னம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேண்ணே." வேன்காரியின் குரல் நிதானமாக வந்தது. "ஐயா பேசுனது பூராவும் ரெக்கார்ட் ஆயிருக்கு. படியேறி வந்துட்டு இருக்கேன்."

வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எறும்புகள் அவரைச் சுற்றிக்கொண்டு போயின.

படியில் இரண்டு பேர் வரும் சத்தம் கேட்டது. அதில் ஒன்று பாதியிலேயே நின்றது. 'நான் ரெண்டாம் மாடிக்கு வந்தேம்மா' என்று மாப்பிள்ளை குழைவது காதில் விழுந்தது. இரண்டாம் மாடியில்தான் யாருமே இல்லையே!

ஜன்னல் கம்பிக்கு வெளியே வேன்காரி வந்து நின்றாள். காக்கிச் சட்டை, கையில் வண்டிச் சாவி. கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தாள். கம்பிக்குப் பின்னால் இருந்த வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"சாவியக் குடுங்க ஐயா."

அவர் தயங்கினார். கொடுத்தால் திறப்பாள் என்று என்ன நிச்சயம்? வாங்கிக்கொண்டு போய்விட்டால்? ஆனால் வேறு வழி? ஒரே ஒரு சாவியை எடுத்து நீட்டினார்.

வாங்கிக்கொண்ட பிறகும் அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை.

"இன்னொண்ணு?"

கொடுத்தார்.

"என் கதவோட கள்ளச்சாவி?"

கொடுத்தார்.

"ஃப்யூஸ்?"

பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் கொடுத்தார். பைகள் காலியாகிவிட்டன. காலியாக வேண்டிய வீடுதான் காலியாகவில்லை.

"நாளைக்கு அதிகாரி வந்து வீடு எப்படி இருக்குன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"நல்லா இருக்குன்னு சொல்வேன்."

"சத்தமா சொல்லிப் பழகுங்க. இல்லேன்னா நீங்க மாப்பிள்ளைகிட்ட சொன்னத அவரு கேக்க வேண்டியிருக்கும்."

"வீடு நல்லா இருக்கு," என்றார் வீட்டுக்காரர், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

அவள் பூட்டைத் திறந்தாள். ஆனால் வழியை விடவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"அன்னைக்கு அம்மாவுக்கு முடியாம போனப்ப கதவத் தட்டுனீங்க. நான் தொறந்தேன். இனிமேலும் தட்டுங்க ஐயா. தொறப்பேன்."

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தலையை ஆட்டினாரா, கழுத்து வியர்வையைத் துடைத்தாரா என்று சொல்ல முடியாத மாதிரி ஏதோ செய்தார். பூட்டுக்காகக் கையை நீட்டினார்.

"இது இங்கயே இருக்கட்டும்," என்று அவள் பூட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "நல்ல பூட்டு. உள்ள இருந்து பாத்திருக்கீங்களே, உங்களுக்கே தெரியும்."

வீட்டுக்காரர் நொண்டிக்கொண்டே படி இறங்கினார். ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வாசலில் நின்று பிணம் கையை ஆட்டியது.

கடைசிப் படியில் மாப்பிள்ளை காத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அசடு வழிந்தது.

"என்ன மாமா, கொலையே இல்லையாமே? அந்த ஆளு உசுரோட இருக்கானாமே?"

வீட்டுக்காரர் நிற்கவில்லை. தெருவில் இறங்கி நடந்துகொண்டே சொன்னார்:

"அப்படின்னு அவன்தான் சொல்றான் மாப்ள. நம்பிடாதீங்க."