ஒரு பை வீட்டுக்காற்று

வகுப்புக்குள் நுழைகிறவர் யாராக இருந்தாலும் வாசலில் கிடக்கும் எடைப்பலகையில் ஏறி நின்றுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பேராசிரியருக்கும் விலக்குக் கிடையாது. மேலூரில் சந்தை, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி எங்கே போனாலும் இதே கதைதான் என்பதால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அன்று இசக்கியம்மாள் ஏறி நின்றபோது பின்னால் வரிசையில் நின்ற பையன் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, நேத்தைக்கு இன்னைக்குக் கூடிட்டீங்க. பாத்து, ஊரை இறக்கிப்புடாதீங்க."

"இறங்கினா எனக்குச் சந்தோஷந்தான்டா தம்பி. நீ போய் உக்காரு" என்றாள் இசக்கி.

அவளுக்கு நாற்பதாகப் போகிறது. வகுப்பில் மற்றதெல்லாம் மீசை அரும்பாத பிள்ளைகளும் அவர்களோடு கூடிச் சிரிக்கிற பெண்களும். தையல் கூடத்தில் பாதி நாள் வேலை பார்த்துவிட்டு, மீதிப் பாதியில் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு 'வளிமண்டல இயற்பியல்: அறிமுகம்' படிக்கிற இவளைப் பார்த்து, படிப்பின் மேல் எவ்வளவு ஆசை பாரேன் என்று பிள்ளைகள் வியந்தார்கள். ஆசைதான். ஆனால் படிப்பின் மேல் இல்லை.

பேராசிரியர் நிறைமதி இசக்கியைவிடப் பத்து வயது இளையவள். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பை ஒரே கேள்வியோடுதான் ஆரம்பிப்பாள். "நாம ஏன் கீழே விழாம இருக்கோம்?"

கேட்கவேண்டிய கேள்விதான். வெள்ளிக் கிரகத்தின் தரையில் ஈயம் உருகி ஓடும். அங்கே மனிதன் கால் வைக்க முடியாது. மேகங்களுக்கு நடுவே, சூடும் அழுத்தமும் உடம்புக்கு ஒத்துவருகிற உயரத்தில்தான் வாழ்க்கை. சுற்றிலும் இருப்பது கரியமில வாயு, கனத்த சரக்கு. மனிதன் மூச்சுவிடுகிற காற்று அதைவிட லேசு. ஆகவே ஒரு பெரிய கூட்டுக்குள் மூச்சுக்காற்றை அடைத்துவிட்டால், தண்ணீரில் தேங்காய் மிதக்கிற மாதிரி, ஊரே மிதக்கும். மேலூரைத் தாங்குவது தூணும் இல்லை, எந்திரமும் இல்லை. உள்ளே இருக்கிறவர்கள் சுவாசிக்கிற காற்றுதான் தாங்குகிறது.

எடை கூடினால் ஊர் இறங்கும், குறைந்தால் ஏறும். அதனால்தான் நிகர் எடைச் சட்டம். மேலூரிலிருந்து ஒரு பொருள் வெளியே போனால் அதே எடைக்கு ஒன்று உள்ளே வரவேண்டும். மனிதர்களுக்கும் அதே விதி.

இசக்கியின் புருஷன் சுடலைமுத்து கீழூரில் இருந்தான். மேலூருக்கு அடியில், சூட்டுக்குப் பக்கத்தில் மிதக்கும் ஊர் அது. மேகத்தின் அமிலத்திலிருந்து தண்ணீர் பிரிக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. கல்யாணமான மறு ஆண்டே இறங்கியவன். அவன் திரும்பி வரவேண்டுமானால் அவன் எடைக்கு ஒருவர் மேலிருந்து போகவேண்டும். யார் போவார்? இவளே அங்கே வேலையாளாகப் போகலாம் என்று பார்த்தால், மருத்துவச் சோதனையில் ரத்த அழுத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது. வெறுமனே மனைவியாகப் போகக் கீழூரில் இடம் கிடையாது.

மேலே காற்று வேகம், கீழே மெதுவு. ஆகவே இரண்டு ஊரும் கிரகத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் ஒன்றின் தலைக்கு மேல் மற்றது வரும். அதற்குக் கடப்பு நாள் என்று பெயர். அன்றைக்கு மட்டும் வானொலியில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேசக் கொடுப்பார்கள். அப்படி ஒரு கடப்பு நாளில்தான் சுடலைமுத்து சொன்னான்.

"எல்லாம் சௌகரியமாத்தான் இருக்கு. இங்க காத்தை வடிகட்டி வடிகட்டி, ஒரு மணமும் இல்லாமப் பண்ணிட்டானுங்க. நேத்துப் படுத்துக்கிட்டு நம்ம வீட்டு வாசனையை நினைச்சுப் பாத்தேன் இசக்கி. வரவே இல்ல. மறந்துபோச்சு போல."

அதை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். இவளால்தான் அதை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. முகத்தை மறந்தால் படம் இருக்கிறது, குரலை மறந்தால் கடப்பு நாள் இருக்கிறது. வாசனையை மறந்தவனுக்கு எதைக் கொடுப்பது?

அப்போதுதான் தையல் கூடத்தில் ஒரு விவரம் காதில் விழுந்தது. பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்கள் செய்முறைத் தேர்வுக்கு ஆளுக்கொரு மிதவைப்பை செய்வார்களாம். மெல்லிய படலத்தில் பை தைத்து, உள்ளே மூச்சுக்காற்று நிரப்பி, தான் கணக்கிட்ட உயரத்தில் அது நிற்கிறதா என்று பார்ப்பார்களாம். தன் எடையைத் தானே தாங்கிக்கொள்கிற பொருள் என்பதால் அதற்கு நிகர் எடைச் சட்டம் கிடையாதாம். மறுநாளே இசக்கி போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள்.

ஆண்டு முழுக்கப் படித்தாள். உயரம் குறையக் குறைய அழுத்தம் எப்படிக் கூடும், வெப்பம் எப்படி ஏறும், அடர்த்தி எந்தக் கணக்கில் மாறும் என்று தலையைப் பிய்த்துக்கொண்டாள். புரியாததைப் பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணிடம் வெட்கப்படாமல் கேட்டாள். கீழூரின் உயரத்தில் பை நின்றுவிட்டால் போதும், அதே காற்று இரண்டையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போகும். சுடலைமுத்து வெளித்தளத்தில் நின்று கொக்கி போட்டு இழுத்துக்கொள்வான்.

மற்ற பிள்ளைகள் ஆய்வகத்துக் காற்றை நிரப்பினார்கள். இசக்கி யாருக்கும் தெரியாமல் பையை வீட்டுக்கு எடுத்துப் போனாள். சோறு கொதிக்க விட்டாள். எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் போட்டாள். தலைக்கு எண்ணெய் தேய்த்து, பையின் வாயை அடுப்புக்கும் தனக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, சின்னக் காற்றுப்பம்பால் அந்த அறையையே உள்ளே அடைத்தாள்.

கடப்பு நாளில் பையை வெளியே விட்டுவிட்டு, வானொலியில் அவனிடம் விஷயத்தைச் சொல்லி வெளித்தளத்துக்குப் போகச் சொன்னாள். வானொலி கரகரத்தது. "தெரியுது இசக்கி, தெரியுது. இறங்குது." அவன் குரலில் சின்னப் பையனின் பரபரப்பு. "இன்னும் கொஞ்சம். வா, வா..." பிறகு பேச்சு நின்றது. "நின்னுடுச்சு. தலைக்கு மேல நிக்குது. கொக்கிக்கு எட்டல."

"இன்னும் இறங்கும், பாருங்க."

"இல்ல. முன்னால போகுது. அங்க காத்து வேகமில்லையா, இழுத்துட்டுப் போகுது." கொஞ்ச நேரம் கழித்து, "போயிடுச்சு. மேகத்துக்குள்ள போயிடுச்சு" என்றான்.

இசக்கி அழுதாள். யார் மேலும் கோபப்பட முடியவில்லை என்பதுதான் பெரிய கொடுமை. தாள்தாளாகக் கணக்கைத் திரும்பப் போட்டாள். ஒரு தப்பும் இல்லை. கடைசியில் நிறைமதியிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டாள், அடுப்பு, தாளிப்பு, தலையெண்ணெய் எல்லாவற்றையும்.

நிறைமதி கணக்குத் தாள்களை வாங்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஈரக்காத்து கனமா, லேசா?"

"லேசு. நீராவி மத்த வாயுக்களைவிட லேசு, அது கலந்தா மொத்தக் காத்தும் லேசாகும். பரீட்சையில எழுதினேனே, முழு மார்க் போட்டீங்களே மேடம்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். சோற்று ஆவி. அவ்வளவு ஆவியையும் அள்ளி அடைத்துவிட்டு, உலர்ந்த காற்றுக்குக் கணக்குப் போட்டிருக்கிறாள். எழுதினாளே தவிர, உள்ளுக்குள் நம்பவில்லை. ஈரத்துணி கனக்கும், ஈரவிறகு கனக்கும். காற்று மட்டும் எப்படி லேசாகும்?

"தப்பை நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க" என்றாள் நிறைமதி. "பை உயரம் தவறினாலும், காரணம் சொன்னா பாஸ் போட எனக்கு உரிமை இருக்கு. போட்டுடறேன் அக்கா."

"ஐயோ, வேண்டாம் மேடம். பாஸ் போட்டுராதீங்க."

"ஏன்?"

"ஃபெயிலானவங்களுக்குத்தானே திரும்ப ஒரு பை குடுப்பீங்க?"

நிறைமதி அவளையே பார்த்தாள். அவளுடைய மாணவர்களில் யாரும் இதுவரை இப்படிக் கெஞ்சியதில்லை. மதிப்பெண் திரையை இழுத்து, 'தோல்வி' என்று பதிந்தாள். "அடுத்த வருஷம் முதல் பெஞ்சுல உக்காரணும்" என்றாள்.

இசக்கி முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். நாம ஏன் கீழே விழாம இருக்கோம் என்று நிறைமதி கேட்பதை இரண்டாம் முறை காதில் வாங்கினாள். ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு நிரப்பலாமே என்று ஒரு பையன் யோசனை சொன்னான். ஈரத்தோடு வாசனையும் போய்விடும் என்று அதை ஒதுக்கிவிட்டாள். வேறு வழி, ஆவியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, அது தூக்குகிற அளவுக்குப் பையில் எடை கட்டுவது. சுடலைமுத்து விட்டுப்போன பழைய சட்டையின் பொத்தான்களை அறுத்து, பையின் அடியில் வரிசையாகத் தைத்தாள்.

கடப்பு நாள் காலையில் பையை நிரப்பினாள், கொண்டுபோய், மிதவைப்பைகளை வெளியே அனுப்புகிற விடுவாசலில் விட்டாள், வானொலி முன்னால் உட்கார்ந்தாள்.

"இறங்குது" என்றான் அவன். இந்த முறை அவன் குரலில் பரபரப்பு இல்லை, பயம் இருந்தது. "நின்னுடுச்சு. இசக்கி, பக்கத்துல நிக்குது. எங்கூடவே வருது." பிறகு கொக்கியின் உரசல், கதவின் சத்தம், அவன் முகமூடியைக் கழற்றுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

இசக்கி காத்திருந்தாள்.

"சோத்தை அடிபிடிக்க விட்டுட்டியா?" என்றான் சுடலைமுத்து.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "பைக்கு வாய் கட்டிக்கிட்டு இருந்தேன். அடுப்பைப் பாக்கல."

"பெருங்காயம் தெரியுது. உன் தலை எண்ணெய் தெரியுது. அந்த மூலை அலமாரியோட வாசனைகூட வருது, இசக்கி."

இந்த முறை அவள் பாஸ். மூன்றாவது பை கிடையாது. அதை அவனிடம் அவள் சொல்லவில்லை. "நல்லா இழுத்துக்கோங்க. வடிகட்டிக் குழாய் உறிஞ்சிறப் போகுது" என்றாள்.

"ஒரே ஒரு மூச்சுதான் இழுத்தேன். திரும்பக் கட்டி வச்சிட்டேன். இன்னும் நிறைய இருக்கு. நான் மேல வர்ற வரைக்கும் வேணும்ல?"

அவள் பதில் சொல்வதற்குள் ஊர்கள் விலகத் தொடங்கி, குரல் கரகரத்து அறுந்தது. இசக்கி எழுந்து வீட்டுக்கு வந்து, வாசல் எடைப்பலகையில் ஏறி இறங்கி உள்ளே போனாள். அடுப்பில் கருகிய பானை அப்படியே இருந்தது. அதை அன்றைக்கு அவள் கழுவவில்லை.