கால்வாய்ப் பாலத்தில் ஏறியவள்

பஸ் ஷெட்டுக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து இவ்வளவு நேரமாகியும் சம்பூர்ணம் வாயைத் திறக்கவில்லை. அவள் குரல் எழுந்தால் திருக்கழுக்குன்றத்துக் கழுகுகள்கூட மதியச் சோற்றை விட்டுவிட்டுப் பறந்துவிடும். அப்பேர்ப்பட்டவள், சேலை நுனியிலிருந்து மழைநீர் சொட்டச் சொட்ட, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இப்படியொரு வரம் வாய்க்கும்போது ஏன் எதற்கு என்று கிளறக் கூடாது என்பது தெரிந்த புருஷன் காசிநாதன். சும்மா இருந்துவிட்டான்.

மகாபலிபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போனவளைக் கால்வாய்ப் பாலத்தில் நிற்கச் சொல்லியிருந்தான். கல்பாக்கத்தில் ஆட்களை இறக்கிவிட்டு செங்கல்பட்டுக்குக் காலியாகத் திரும்பும் டிரைவர் தாண்டவராயன், பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அதற்குள் வேறு எதிலோ தொற்றிக்கொண்டு வந்துவிட்டாள் போலிருக்கிறது. காத்திருக்க வைத்த கோபம், வேறென்ன. ஆனால் டீசல் நாற்றத்தைத் தவிர வேறெதுவும் ஏறாத அந்த ஷெட்டில், அவள் வந்ததிலிருந்து கால்வாய்ச் சேற்றின் வாடை மெல்ல மெல்ல நிரம்பிக்கொண்டிருந்தது.

முதலாளி எங்கோ ஏலத்தில் எடுத்த வயர்லெஸ் பெட்டிகள், ஷெட்டில் ஒன்றும் பஸ்ஸுக்கு ஒன்றுமாக மாட்டப்பட்டிருந்தன. மைக்கில் உள்ள பொத்தானை அழுத்தினால் பேசலாம்; விட்டால்தான் எதிராளி பேசுவது கேட்கும். தாண்டவராயனுக்கோ ஸ்டியரிங்குக்கு ஒரு கை, பீடிக்கு ஒரு கை. ஆகவே பொத்தான் அமுங்கியே இருக்கும்படி இடுக்கில் தீக்குச்சியைச் செருகிவிட்டு, வழி நெடுகப் பாடிக்கொண்டு வருவான். குச்சி இருக்கிறவரை ஷெட்டிலிருந்து யமனே கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்காது.

பெட்டி கரகரத்தது.

"காசி, தங்கச்சிய ஏத்திக்கினேன் மச்சான். பாவம், தொப்பலா நனைஞ்சிகினு நின்னுச்சு."

காசிநாதன் சிரித்தான். பெஞ்சைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். யாரை ஏற்றினாய் என்று மைக்கில் கேட்டான். தாண்டவராயன் பாட்டை ஆரம்பித்துவிட்டான். தீக்குச்சி.

பாட்டை வெட்டிக்கொண்டு ஒரு பெண்குரல் வந்தது. குடை கொண்டுவந்து கொடுக்கத் துப்பில்லாத மனுஷனுக்கு வயர்லெஸ் ஒரு கேடா என்று தொடங்கி, பல்லி விழுந்ததற்குக் காசிநாதன் கட்டில்மேல் ஏறி நின்று அலறிய கதையை, அவன் தூக்கத்தில் தன் அம்மாவைக் கூப்பிட்டு அழுகிற கதையை, ஒன்றுவிடாமல் அது தாண்டவராயனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தது. சம்பூர்ணத்தின் குரல். சம்பூர்ணத்தின் சிரிப்பு. அவன் முதுகுத்தண்டில் ஐஸ் கம்பெனியே இறங்கிற்று. வெளியாள் ஒருவருக்கும் தெரியாத சங்கதி அதற்கு எப்படித் தெரியும்?

பெஞ்சில் இருந்தவளைக் கூப்பிட்டான். அவள் முகத்தைத் திருப்பினாள். அதே மூக்குத்தி. இடது புருவத்தில் அதே தழும்பு. அவன் பெண்டாட்டிதான், கண்ணெதிரே, கைக்கெட்டும் தூரத்தில். அப்படியானால் பஸ்ஸில் ஏறியது எது? தாண்டவராயன் பாட்டுப் பாடிக்கொண்டு அதை நேராக இங்கே அல்லவா ஏற்றிக்கொண்டு வருகிறான்.

கத்தினான். மைக்கை மேஜையில் அடித்தான். பெட்டியில் குரல் சிரித்துக்கொண்டே வந்தது. பிறகு தண்ணீர்ச் சத்தம். பாலத்துக்கு இப்பால் சாலை தாழும் இடம் அது. கால்வாய் நிரம்பினால் அங்கே இடுப்பளவு வெள்ளம் ஓடும். இன்ஜின் உறுமியது, பஸ் எதிலோ ஏறி இறங்கியது, சத்தம் பட்டென்று அறுந்தது.

குச்சி விழுந்துவிட்டது.

இனி அவனுக்குக் கேட்கும். காசிநாதன் பொத்தானை நகம் வெளுக்க அழுத்தினான்.

"மச்சான், நான் சொல்றத கேளு. என் பொண்டாட்டி இங்க என் முன்னால உக்காந்துகினு கீறா. உன்னாண்ட கீறது அவ இல்ல. எறக்கி வுட்டுட்டு வந்துடு. ஓவர்."

விட்டான். வெறும் இரைச்சல். பிறகு தாண்டவராயனின் மூச்சு; பொத்தானை அழுத்தியபடியே இருக்கிறான். பஸ்ஸுக்குள் பெட்டி சத்தமாகத்தான் பேசும், அவளுக்கும் கேட்டிருக்கும்.

அவள் முதலில் சிரித்தாள். பல்லிக் கதைக்குப் பழி வாங்குகிறானா என்று கேட்டாள். தாண்டவராயன் பஸ்ஸை நிறுத்தினான். சீட்டுக்கடியிலிருந்து எடுத்த ஸ்டார்ட்டிங் ஹேண்டிலின் இரும்புத் தடி தரையில் உரசியது. அவள் சிரிப்பு நின்றது. அண்ணா, வேணாண்ணா என்றாள். வளையல் உடைந்தது. மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள் போலிருக்கிறது, குரல் காதுக்குள் வந்து மோதியது.

"யோவ், நான்தான்யா. அங்க உன்னாண்ட யாருய்யா உக்காந்துகினு கீறது?"

காசிநாதன் பொத்தானைத் தொடவில்லை. அவள் பொத்தானை விடவுமில்லை.

மைக் கைமாறியது, அவள் குரல் தூரப் போயிற்று. பஸ்ஸின் தகரத்தில் ஏதோ மோதியது. தண்ணீர். மிகப் பெரிய தண்ணீர். அதற்குள் அவன் பெயர், ஒருமுறை, பாதி.

இன்ஜின் கிளம்பியது.

பெட்டியை அணைத்தான். சின்னப் பச்சை விளக்கு அவிந்தது. பேட்டரி ஒயரையும் பிடுங்கினான். மழை விட்டிருந்தது. ஷெட்டில் சொட்டுச் சத்தம் மட்டும்.

அந்த அமைதியில் மறுபடி அந்தக் குரல்.

"யாருய்யா..."

பெட்டியிலிருந்து இல்லை.

அவன் திரும்பினான். பெஞ்சில் இருந்தவள் முதன்முறையாக வாயைத் திறந்திருந்தாள். உதடுகள் ஒரு பக்கம் போயின, குரல் இன்னொரு பக்கம் போயிற்று. மூடினாள். கடைக்குப் போனவள் புது வளையலைக் கையில் ஏற்றிப் பார்ப்பதுபோல, நிதானமாக, இன்னொரு முறை முயன்றாள்.

"அங்க உன்னாண்ட யாருய்யா..."

இந்தத் தடவை சரியாகப் பொருந்தியது.