அப்பா பார்க்காத ஆட்டம்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரையும் பிடிக்க முடியாது.

அம்மா பாடகர் குழுப் பயிற்சிக்குப் போய்விடுவார். தம்பி கிளமெண்ட் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓடுவான். அப்பா கல்லூரி அலுவலகத்திலிருந்து வந்ததும் அறுப்பின் பண்டிகை வேலைக்குக் கிளம்பிவிடுவார். எனக்குச் சாயங்காலம் தட்டச்சு வகுப்பு. கடைக்குட்டி ரூத், கோ-கோ பயிற்சி முடிந்து தலை முதல் கால்வரை புழுதியோடு வந்து சேருவாள். அவள் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள்.

அறுப்பின் பண்டிகை அன்று எங்கள் சபையார் தோட்டத்தில் விளைந்ததையும் வீட்டில் வளர்த்ததையும் ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். பூசணி, வாழைத்தார், சேவல், கேக் எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் அவற்றை ஏலம் விடுவார்கள். ஏலம் விடுபவர் எங்கள் அப்பா ஞானசீலன். அவருக்கு மைக் வேண்டியதில்லை. அவர் ‘ஒரு தரம்’ என்று சொன்னால் நாகமலை புதுக்கோட்டை பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று சபையில் கேலி பேசுவார்கள். நான் போய் நின்று பார்த்தேன். உண்மைதான், கேட்கிறது.

ரூத்துக்கு ஓர் ஆசை இருந்தது. அவள் விளையாடுவதை அப்பா ஒருமுறையாவது பார்க்கவேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அப்பா வருவதாகத்தான் சொல்வார். ஆட்டத்தன்று ஏதாவது வேலை வந்துவிடும்.

இந்த வருடம் ரூத்தின் அணி அரையிறுதியில் ஜெயித்துவிட்டது. சமயநல்லூரில் நடக்கும் இறுதி ஆட்டத்திலும் ஜெயித்தால் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். அவள் பள்ளி இதுவரை அங்கே போனதே இல்லை. ஆனால் இறுதி ஆட்டமும் ஏலமும் ஒரே சனிக்கிழமை சாயங்காலம்.

“இந்தத் தடவை ஏலத்தை பெனடிக்ட் விடட்டும். நான் சமயநல்லூருக்கு வாரேன்” என்றார் அப்பா. பெனடிக்ட் மாமா சபையின் பொருளாளர்.

“பெனடிக்ட் மாமா பேசுனா அவருக்கே கேக்காதேப்பா.”

“மைக் குடுப்பாங்க. நீ பேசாம ஓடுற வேலையைப் பாரு.”

ரூத் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஆனால் அடுத்த நாள் அவள் முகம் வாடியிருந்தது. அணியின் சிறந்த ஓட்டக்காரி பாண்டிமீனா இறுதி ஆட்டத்துக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டாளாம். காரணம் அவளுடைய தம்பி முகேஷ். மூன்று வயது.

அரையிறுதி நடந்த அன்று முகேஷைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அதனால் பாண்டிமீனா அவனையும் மைதானத்துக்கு அழைத்துப் போயிருந்தாள். அங்கே நடந்ததை ரூத் சொன்னபடியே சொல்கிறேன்.

கோ-கோவில் துரத்தும் அணியினர் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தவள் அந்தப் பக்கம் பார்ப்பாள். துரத்துகிறவள் உட்கார்ந்திருப்பவளின் முதுகில் தட்டி ‘கோ’ என்றால், அவள் எழுந்து துரத்தவேண்டும். இதை முகேஷ் ஓரத்தில் நின்று கவனமாகப் பார்த்திருக்கிறான். பிறகு நடந்து போய், எதிரணி வரிசையின் கடைசியில் தானும் உட்கார்ந்துவிட்டான். ஓடிவந்த வேகத்தில் எதிரணிக்காரி அவன் முதுகிலும் தட்டி ‘கோ’ சொல்லிவிட்டாள். முகேஷ் எழுந்து ஓடி, தன் அக்காவின் காலைக் கட்டிக்கொண்டான்.

“அவுட்டா, இல்லையா?” என்று எதிரணியினர் நடுவரைக் கேட்டார்கள்.

நடுவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் அவர் கண்டிப்பாகச் சொன்னார். “இனிமே இந்தப் பையன் கோட்டைத் தாண்டி உள்ள வந்தா, கூட்டிட்டு வந்தவளும் அவனோட வெளிய போயிரணும்.”

அதனால்தான் பாண்டிமீனா வர மறுத்தாள். பள்ளிக் குழாயடியில் அவளும் ரூத்தும் பேசியிருக்கிறார்கள்.

“அம்மாவுக்குத் தீபாவளித் தையல். சனிக்கிழமையும் கடைக்குப் போகணும். அப்பா லோடு ஆட்டோ எடுத்துட்டுப் போயிரும். சித்தி கொட்டாம்பட்டிக்கு நடவுக்குப் போயிருச்சு. நான் என்ன செய்ய?”

“எங்க வீட்டுல அஞ்சு பேர் இருக்கோம்ல. யாராச்சும் பாத்துக்குவாங்க.”

“அவன் யாருகிட்டயும் நிக்கமாட்டான், ரூத்து. கடிச்சுருவான்.”

“எம்புட்டு பலமா?”

பாண்டிமீனா தன் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். ரூத் அதிலிருந்த பல் தடங்களை எண்ணிப் பார்த்தாளாம்.

நானாக இருந்தால் அங்கேயே விட்டிருப்பேன். பயிற்சி கொடுக்கும் ஜெயக்கொடி டீச்சரிடம் போய் வேறு ஆள் போடச் சொல்லியிருப்பேன். ரூத் வீட்டுக்கு வந்து, “நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எல்லாரும் தெப்பக்குளம் போவோம். பாண்டிமீனாவும் முகேஷும் வருவாங்க. அங்க உங்களுக்கெல்லாம் செலக்‌ஷன்” என்றாள்.

“என்ன செலக்‌ஷன்?” என்றான் கிளமெண்ட்.

“முகேஷ் யாருகிட்ட அழுகாம இருக்கானோ, அவங்கதான் சனிக்கிழமை அவனைப் பாத்துக்கணும். அப்பா மட்டும் கிடையாது. அப்பா மேட்சுக்கு வாராங்க.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. சுற்றிலும் ஒரே கூட்டம். ரூத் எங்களை வரிசையாக அழைத்தாள்.

முதலில் அம்மா. முகேஷை மடியில் வைத்துப் பாடினார். அம்மா பாட ஆரம்பித்ததும் முகேஷ் அழ ஆரம்பித்தான். அம்மா சுருதியைக் கூட்டினார். அவனும் கூட்டினான்.

அடுத்தது கிளமெண்ட். போனில் கார் பந்தயம் காட்டினான். முகேஷ் போனை வாங்கி வீசினான். நல்ல வேளை, அது தண்ணீரில் விழாமல் படிக்கட்டில் விழுந்தது.

“நான் செலக்‌ஷன்ல இல்ல” என்று கிளமெண்ட் போனைத் துடைத்துக்கொண்டே விலகிவிட்டான்.

மூன்றாவது நான். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று பாண்டிமீனாவிடம் முன்பே விவரமாகக் கேட்டு வைத்திருந்தேன். அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தேன். முகேஷ் என் கட்டைவிரலைக் கடித்தான்.

“நான்தான் சொன்னேன்ல” என்றாள் பாண்டிமீனா.

அந்த நேரத்தில் அப்பாவுக்குப் பருத்திப்பால் குடிக்கத் தோன்றியது. வண்டி தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றது. அப்பா இங்கிருந்தே குரல் கொடுத்தார். “அண்ணே, ஏழு பருத்திப்பால்.”

முகேஷின் அழுகை நின்றது.

அவன் அப்பாவையே பார்த்தான். பக்கத்தில் போய் வேட்டியைப் பிடித்து இழுத்தான். அப்பா தூக்கிக்கொண்டதும், அவர் தொண்டையில் ஒரு விரலை வைத்து, “இன்னும்” என்றான்.

“அண்ணே, ஏழு பருத்திப்பால்” என்றார் அப்பா.

“கேட்டுருச்சு சார்” என்றார் வண்டிக்காரர்.

முகேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். அதன் பிறகு அப்பாவை விட்டு இறங்கவே இல்லை. வீடு திரும்பும்போது அவர் தோளிலேயே தூங்கிப்போனான்.

எல்லோருக்கும் சந்தோஷம். ரூத் மட்டும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் ஏன் பேசாமல் வருகிறாள் என்று எனக்கு உடனே விளங்கவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் அப்பாவிடம் சொன்னாள். “நீங்க சனிக்கிழமை மேட்சுக்கு வரவேணாம்ப்பா. முகேஷை வச்சுக்கங்க.”

அப்பா கழற்றிய செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். “அவனைத் தூக்கிக்கிட்டே அங்க வாரேனே. தூரமா நின்னு பாக்குறேன்.”

“அவங்க அக்காவைப் பாத்துட்டா அவன் உங்ககிட்ட இருக்கமாட்டான். இறங்கி ஓடிவந்துருவான். அப்புறம் பாண்டிமீனாவை வெளிய அனுப்பிருவாங்க.”

“இம்புட்டு நாளா நீ கேட்டுக்கிட்டிருந்தியே பாப்பா.”

“அவ இல்லாட்டி நாங்க மாவட்டம் போகமுடியாதுப்பா. அவளுக்கும் ஓடணும்னு ஆசையா இருக்கு.” செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, “நான் ஒண்ணும் அழுகல” என்றாள்.

“நான் அப்படிக் கேக்கலையே” என்றார் அப்பா.

தங்கையின் தலையைத் தடவிக் கொடுக்கவேண்டும்போல் இருந்தது எனக்கு. அவளுக்குப் பிடிக்காது என்று விட்டுவிட்டேன்.

ஏலம் மறுபடியும் அப்பாவிடமே வந்தது. அதில் மிகவும் சந்தோஷப்பட்டவர் பெனடிக்ட் மாமாதான்.

சனிக்கிழமை ரூத்தோடு நான் போனேன். காலையில் பெய்த மழையில் மைதானம் ஈரமாக இருந்தது. ஆட்டம் தொடங்கியதும் பாண்டிமீனா இரண்டு தடவை எல்லைக்கோட்டைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி நிற்கிறானோ என்று பார்க்கிற பழக்கம்.

“எங்க அப்பாகிட்ட இருக்கான். நீ ஓடு” என்றாள் ரூத்.

ரூத் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் அதையும் கவனித்தேன்.

கடைசிச் சுற்றில் எதிரணி துரத்தியது. எங்கள் பக்கம் மிஞ்சியவர்கள் ரூத்தும் பாண்டிமீனாவும்தான். இன்னும் ஒருத்தி அவுட்டானால் வெற்றி கைநழுவிவிடும். பாண்டிமீனா வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே ஊசியில் நூல் நுழைவதுபோல் வளைந்து வளைந்து ஓடினாள். அப்போது ஈர மண்ணில் அவள் கால் வழுக்கியது. ஒரு கையை ஊன்றிக் கீழே சரிந்தாள். துரத்தியவள் இரண்டடி தூரத்தில் இருந்தாள்.

ரூத் எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. துரத்தியவளின் மூக்குக்கு முன்னால் குறுக்கே ஓடினாள். துரத்தியவள் பாண்டிமீனாவை விட்டுவிட்டு ரூத்தை நோக்கிக் கையை நீட்டினாள். வரிசையின் முனையில் நட்டிருந்த கம்பத்தருகே ரூத் சட்டென்று முதுகை வளைத்துத் திரும்ப, நீட்டிய கை காற்றைப் பிடித்தது. மறுபடி எட்டுவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

ஜெயக்கொடி டீச்சர் தன் குடையை மைதானத்திலேயே போட்டுவிட்டு ஓடினார். பாண்டிமீனா ரூத்தைத் தூக்கப் பார்த்து, முடியாமல் இருவரும் சேற்றில் உட்கார்ந்தார்கள்.

அதே சேற்றோடு மூவரும் பஸ் ஏறினோம். நாகமலை புதுக்கோட்டை பஸ் ஸ்டாப்பில் இறங்கியபோது எனக்குத் திக்கென்றது. அப்பாவின் குரல் கேட்கவில்லை. ஏலம் பாதியில் நின்றுவிட்டதோ, முகேஷுக்கு என்ன ஆயிற்றோ என்று மூன்று பேரும் ஆலயத்துக்கு ஓடினோம்.

வளாகம் நிறைய ஆட்கள். ஆனால் ஒரு சத்தம் இல்லை.

நடுவில் அப்பா நின்றார். முகேஷ் அவர் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா ஒரு கையால் புடலங்காயைத் தூக்கிப் பிடித்து, ரகசியம் சொல்வதுபோல், “ஒரு தரம்” என்றார். முன்வரிசையில் ஒருவர் பேசாமல் விரலை உயர்த்தினார். பின்வரிசைக்காரர்களுக்காக பெனடிக்ட் மாமா அப்பா சொன்னதைத் திருப்பிச் சொன்னார். அவர் குரல் பெரிதாகக் கேட்டது அன்றுதான். ஏலத்துக்கு வந்த சேவல் ஒருமுறை கூவியது. எல்லோரும் அதன் பக்கம் திரும்பி, “உஷ்” என்றார்கள்.

“என்னக்கா இது?” என்று ரூத் என் காதில் கேட்டாள்.

அம்மா அருகில் வந்து மெதுவாகச் சொன்னார். “ஆரம்பத்துலேர்ந்து அப்பா கத்தக் கத்தச் சிரிச்சுக்கிட்டே இருந்தான். சிரிச்சுக் களைச்சுத் தூங்கிட்டான். எழுப்பவேணாம்னு எல்லாரும் இப்படி.”

பாண்டிமீனா தம்பியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அப்பா தலையை அசைத்து மறுத்தார். பிறகு ரூத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ரூத் கழுத்தில் கிடந்த பதக்கத்தைத் தூக்கிக் காட்டினாள்.

அப்பாவுக்குக் கத்தவேண்டும். கத்த முடியவில்லை. வாயைத் திறந்தார், மூடினார். முகம் சிவந்துவிட்டது. சபையார் எல்லோரும் கைதட்டாமல் இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஆட்டினார்கள்.

அப்பா புடலங்காயை பெனடிக்ட் மாமாவிடம் கொடுத்தார். “ஏலம் கொஞ்ச நேரம் நிக்கட்டும்” என்றார் மெதுவாக. “பாப்பா, கடைசியா எப்படி ஓடுனீங்க? எனக்குக் காட்டு.”

அம்மாவும் பாடகர் குழுப் பெண்களும் சேலையைச் செருகிக்கொண்டு மணலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆள் குறைந்த இடத்தில் போதகர் உட்கார்ந்தார். அப்படியும் ஓர் இடம் மிஞ்ச, கிளமெண்ட் அங்கே ஒரு பூசணிக்காயை வைத்தான். துரத்த நான் போனேன். ரூத்தும் பாண்டிமீனாவும் ஓடினார்கள். பாண்டிமீனா விழுந்த இடத்தில் விழுந்து காட்டினாள். ரூத் குறுக்கே பாய்ந்தாள். பூவரச மரத்தைக் கம்பமாக வைத்து முதுகை வளைத்துத் திரும்பினாள். நான் நீட்டிய கையில் ஒன்றும் அகப்படவில்லை.

அப்பா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தத் திருப்பம் எப்படி வருது?” என்றார்.

“ரொம்ப ஈஸிப்பா. இடது காலை முன்னால வச்சு, முட்டியை மடக்கணும்.”

அப்பா செருப்பை ஓரமாகக் கழற்றினார். தூங்கும் முகேஷின் முதுகை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, ஒரு காலை மெதுவாக எடுத்து வைத்தார்.

“அது வலதுப்பா” என்று சொல்லிக்கொண்டே ரூத் மணலில் முட்டி போட்டு உட்கார்ந்து, அப்பாவின் இடது காலைப் பிடித்து முன்னால் வைத்தாள்.