கை வெளியே

பட்டனில் அவள் இன்னும் விரல் வைக்கவில்லை. விளக்கு எரியத் தொடங்கிவிட்டது.

கட்டைவிரல் நகமளவு ஆரஞ்சு விளக்கு. பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன என்று பொருள். சேற்றில் ஒரு சக்கரம் வெறுமனே சுழல, மற்றது அசையாமல் நிற்கும்போது, இந்த லாக்கரைப் போட்டால் இரண்டும் சேர்ந்து இழுக்கும். நல்ல சாலையில் தானாகப் பூட்டிக்கொண்டாலோ, வளைவில் வண்டி திரும்ப மறுக்கும். குவாரியிலிருந்து இந்த ஜீப்பை ஓட்டி வந்த டிரைவர் அப்படி இரண்டு முறை பள்ளத்தின் விளிம்புவரை போய் மீண்டவர்.

"மூணு பட்டறை மாறியாச்சும்மா," என்று சாவியைக் கொடுக்கும்போது சொன்னார். "எல்லாரும் ரெண்டே நாள்ல திருப்பிக் கொடுத்துடறாங்க. ஏன்னு கேட்டா முகத்தைத் திருப்பிக்கறாங்க."

"ஏங்க, நான் அமுக்கவே இல்ல. லைட் வந்திருக்கு," என்று டிரைவர் சீட்டிலிருந்து கீழே குனிந்து சொன்னாள் அவள்.

"உன் ஒயரு என்னைக்கு உன் பேச்சைக் கேட்டிருக்கு?" வண்டிக்கு அடியிலிருந்து கணவனின் குரல் வந்தது.

பட்டறையில் அவர்கள் இருவர்தான். இரும்பு வேலை அவனுடையது, மின்சார வேலை அவளுடையது. மத்தியான மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. சாரல் உள்ளே வராமலிருக்க ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தார்கள். நான்கு இரும்புத் தாங்கிகள் மேல் வண்டி நிற்க, பின்சக்கரங்கள் தரையைத் தொடாமல் தொங்கின. பின்சக்கரங்களுக்கு நடுவே லாக்கர் உட்கார்ந்திருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலின் மூடியைக் கழற்றி, எண்ணெயை வடித்து வைத்திருந்தான். அழுகிய முட்டையும் கருகிய ரப்பரும் கலந்த அதன் வாடை சீட்டுவரை ஏறி வந்து அவள் தொண்டையில் படிந்தது.

இந்த வேலைக்கு அவர்களிடம் இரண்டு விதிகள் இருந்தன. கையை உள்ளே விட்டால் அவன் "கை உள்ளே" என்பான். எடுத்ததும் "கை வெளியே" என்பான். அதற்குப் பிறகுதான் அவள் பட்டனைத் தொடலாம். இரண்டாவது விதி அவளாகவே போட்டுக்கொண்டது: அவன் கை உள்ளே இருக்கும்வரை, என்ன நடந்தாலும் அவள் சீட்டை விட்டு இறங்க மாட்டாள். மூன்று வருடங்களுக்கு முன் வேறொரு வண்டியில், பதிலுக்குக் காத்திராமல் அவள் பட்டனை அமுக்கிவிட்டாள். அவனுடைய வலது கை மோதிர விரலில் பாதி போய்விட்டது. அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. தெருவே தன்னை 'ஒம்பதரை' என்று கூப்பிட்டபோது, ஏதோ பட்டம் கிடைத்தவனைப்போல் அவனும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பில் மட்டும் அவளால் இன்றுவரை சேர முடியவில்லை. அவனுக்குச் சோறு போடும்போதெல்லாம் பார்வையைத் தட்டிலேயே வைத்துக்கொள்வாள்.

காலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டாள். ரிலேவை மாற்றினாள். விளக்குக்குத் தகவல் சொல்லும் சென்சாரைக் கழற்றினாள். லாக்கரைத் தள்ளுவது காற்று அழுத்தம் என்பதால் கம்ப்ரெஸரின் ஃப்யூஸைப் பிடுங்கி, காற்றுத் தொட்டியையும் காலிசெய்தாள். கடைசியில் பட்டனுக்குப் போகும் கம்பியையே இரண்டு முனையிலும் கழற்றிவிட்டாள். விளக்கு அணையவில்லை. எங்கிருந்தும் வராத, எங்கும் போகாத அந்தத் துண்டுக் கம்பியில் மீட்டரை வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க. பன்னெண்டு வோல்ட் காட்டுது."

"மீட்டர் பேட்டரி போயிருக்கும்."

"காலையிலதான் மாத்தினேன்."

கீழே அவன் ஸ்பேனரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி, கையால தொட்டே பார்த்துடறேன். உள்ள பூட்டுற வளையம் நகர்ந்திருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும்."

"வேணாங்க. நாளைக்குப் பார்ப்போம்."

"காத்தே இல்லாத லாக்கர் என்னடி பண்ணிடும்? கை உள்ளே."

அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். கழற்றிப்போட்ட பட்டன் டாஷ்போர்டிலிருந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. மழைச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் இருப்பதுபோல் தோன்றியது. யாரோ பல்லிடுக்கில் மூச்சை மெதுவாக உறிஞ்சுவதுபோல. கவனித்தால் இல்லை. கவனத்தை விட்டால் இருந்தது.

"கை வெளியே. அமுக்கு."

அவன் குரல்தான். ஆனால் மல்லாந்து படுத்திருப்பவனின் குரலில் இருக்கும் நெரிசல் அதில் இல்லை. கீழிருந்தும் வரவில்லை. அவள் பிடரிக்குப் பின்னால், காலியான பின்சீட்டிலிருந்து வந்தது.

"எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எடுத்துட்டேன். அமுக்கு."

"யார்கிட்டடி பேசிட்டிருக்க?" கீழிருந்து அவன் கேட்டான். "கை இன்னும் உள்ளதான் இருக்கு."

அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"கையை எடுங்க. ஏங்க, இப்பவே எடுங்க!"

உஸ்ஸென்று காற்று ஓடியது. காலியான தொட்டியிலிருந்து. பிறகு, டக்.

அவன் கத்தவில்லை. ஒரு குழந்தை திடுக்கிட்டு மூச்சை இழுப்பதுபோல் இழுத்தான். "ஏய்... அமுக்கிட்டியா?"

"இல்லைங்க! நான் தொடவே இல்ல!"

"ரிலீஸ் பண்ணு. விரல் மாட்டிடுச்சு. ரிலீஸ் பண்ணுடி!"

பட்டனை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். சாவியைத் திருப்பி உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். விளக்கு எரிந்தது. கம்பியை இழுத்துப் பிய்த்தாள். எரிந்தது. அதற்குமேல் அந்தச் சீட்டில் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. கதவைத் திறந்து கீழே குதித்தாள்.

எண்ணெய்த் தரையில் முழங்காலிட்டு, கைவிளக்கை அடியில் நீட்டினாள். அவன் வலது கை மணிக்கட்டுவரை உள்ளே இருந்தது. கருப்பு எண்ணெயோடு சிவப்பு கலந்து அவன் முழங்கையிலிருந்து சொட்டியது.

"வந்துட்டேங்க. இதோ வந்துட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஆறுதல் இல்லை.

மேலே, அவள் இறங்கி வந்த கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. சீட்டின் ஸ்பிரிங் கிரீச்சிட்டது. ஒரு ஆள் கனத்துக்கு வண்டி தாழ்ந்தது.

"பயப்படாதீங்க," என்றது அவளுடைய குரல். "நான் சீட்லதான் இருக்கேன்."

அவன் கண்கள் மேலே போயின. திரும்பி அவளிடம் வந்தன. கால்களை இழுத்துச் சுருட்டிக்கொண்டான்.

"ஏங்க, அது நான் இல்ல. நான் இங்க இருக்கேன். பாருங்க!"

"அவ இறங்க மாட்டா," என்று தனக்குள் முணுமுணுத்தான். "என் கை உள்ள இருக்கறப்ப அவ இறங்கவே மாட்டா."

அவள் ஊர்ந்துபோய் அவன் கணுக்காலைப் பிடித்தாள். அவன் உதைத்தான். விடாமல் இழுத்தாள். சிக்கிய விரல்கள் பிய்ந்துவர, அவன் அப்போதுதான் முதல்முறையாக அலறினான். அவள் பிடியை விட்டாள். இழுத்தாலும் வலி. விட்டாலும்.

"இடது கையையும் உள்ள விட்டு வளையத்தைத் தள்ளுங்க," என்றது மேலிருந்து அந்தக் குரல். அவன் காய்ச்சலில் படுத்தால் மட்டும் அவள் பேசும் குரல். "நான் ரிலீஸ் பண்றேன்."

"சரிம்மா," என்றான்.

அவள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத பெயர். அதைக் கேட்டதும் அவன் முகத்தில் இருந்த கடைசிச் சந்தேகமும் போய்விட்டது. அவளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, வண்டியின் அடித்தகட்டைப் பார்த்தபடி, முழுசாக இருந்த அந்த ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்தான்.