படுக்கையின் இடது பக்கம்

விரிப்பில் ஒரு பள்ளம் இருந்தது.

காலையில் அதை உதறிப் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கணவர் சக்கர நாற்காலியோடு குளியலறைக்குள் போய்க் கால் மணி நேரமாகியிருந்தது. உள்ளே வாளியில் தண்ணீர் விழும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. அவருடைய இடது கால் தொடைக்குக் கீழே இல்லாமல் போய்ப் பதினாறு வருடம். அத்தனை வருடமும் கட்டிலின் அந்தப் பகுதியில் விரிப்பு போட்டது போட்டபடி, ஒரு சுருக்கம்கூட விழாமல்தான் கிடக்கும். இன்று அங்கே நீளவாக்கில் ஒரு அழுத்தம். அதன் நுனியில், குதிகால் பதிந்ததுபோல் ஒரு குழி.

விரிப்புகளை அவளுக்குத் தெரியும். ஒரு விடுதியின் சலவைக் கூடத்தில் விடிந்ததிலிருந்து மதியம்வரை அவள் கை தொடுவதெல்லாம் அவைதான். யார் நிம்மதியாகத் தூங்கினார்கள், யார் புரண்டுகொண்டே கிடந்தார்கள், யார் உட்கார்ந்தே விடிய வைத்தார்கள் என்று சுருக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளைச் சோசியக்காரி என்று கேலி செய்வார்கள்.

குழியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

மாத்திரை நின்று அது நான்காவது நாள்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பதினாறு வருடமாக அதற்கு மேல் அவர் ஒன்றுகூட எடுத்ததில்லை. இல்லாத காலில்தான் வலி. கணுக்காலை யாரோ இடுக்கியால் நெரிப்பதுபோல் இருக்கும் என்பார். மாத்திரை அதைப் போக்கியதில்லை, தூங்க மட்டும் வைத்தது. அது தூங்கிய நேரத்தில் அவர் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்தார், தெருக்காரர்களோடு வம்பளந்தார், 'பட்டாளம்' என்று கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். "கொசு பாவம், எங்கிட்ட வந்தா பாதிச் சாப்பாடுதான்" என்று தன்னையே நக்கல் செய்துகொள்வார்.

படைவீரர் மருத்துவமனைக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா சின்னப் பெண். கெட்டவள் இல்லை. பேசும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேலேருந்து உத்தரவு வந்திருக்குங்க. வருஷக்கணக்கா இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இனிமே எழுதக் கூடாதுன்னு. இந்த ஒரு மாசம் பாதி. அப்புறம் நிறுத்திடணும். தைலம் தரேன், தடவிப் பாருங்க."

"எங்க தடவறது டாக்டரம்மா? இல்லாத காலுக்கா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

பாதி மாத்திரை மாதத்திலேயே அவருடைய சிரிப்பு போய்விட்டது. முழுதாக நின்றபின் பேச்சும் போயிற்று. பழுதுக்கு வந்த பெட்டிகள் மேசையில் திறந்தபடி கிடந்தன. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று ஜன்னல் துணிகளை இழுத்துவிடச் சொன்னார். அவள் மதியம் வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது பட்டப்பகலில் வீடு மங்கிக் கிடக்கும். வியர்வையும் தைலமும் கலந்த நெடி முகத்தில் வந்து மோதும். உள்ளறையில் பல்லுக்கிடையே துண்டைக் கடித்துக்கொண்டு அவர் மூச்சு விடும் ஓசை, மரம் அறுப்பதுபோல் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். அவர் கத்தியதில்லை. கத்தினால் தேவலை என்று அவள் நினைத்ததுண்டு.

ஏழாம் நாள் பால் கொடுப்பதற்காகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எந்திரி! கால் மேல உக்காந்திருக்க!"

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் குரலை உயர்த்தாத மனிதர். பால் தரையெல்லாம் கொட்ட, துள்ளி எழுந்தாள். அதட்டலைக் காட்டிலும் அவளை உலுக்கியது வேறு. உட்கார்ந்த அந்த ஒரு கணத்தில், விரிப்புக்கு மேலே, அவளுக்குக் கீழே, ஏதோ இருந்தது. எலும்பும் சதையுமாக.

அவர் அழுதுகொண்டிருந்தார். "மன்னிச்சிரும்மா. தாங்க முடியல."

அவள் பாலைத் துடைக்கவில்லை. தரையில் மண்டியிட்டு, காலியாகக் கிடந்த விரிப்பின்மேல் மெல்ல இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"எங்கங்க வலிக்குது? சொல்லுங்க. இங்கயா?"

"கீழ. இன்னும் கீழ."

காற்றில் போன விரல்கள் எதிலோ தட்டின. ஆடுசதை. சுருள் சுருளான முடி. கண்ணுக்குத் தெரிந்ததோ வெறும் வெள்ளைத் துணி. அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் அவர் முகத்தில், வாரக்கணக்கில் இறுகிக் கிடந்த தாடை, கொஞ்சம் தளர்ந்தது. அதைப் பார்த்தபின் கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. இதமாகப் பிடித்துவிட்டாள். கால் மணி நேரம் அவர் கண்ணயர்ந்தார்.

அதன்பிறகு தினமும் மதியம் அதே வேலை. உடுப்பு மாற்றாமல்கூட வந்து மண்டியிடுவாள். பார்க்காமல் இருந்தால் பயம் குறைவு என்று கண்களை மூடிக்கொள்வாள். காலின் நீளம் அவளுக்குப் பழகிவிட்டது. முழங்கால், ஆடுசதை, கால் போவதற்கு முன் அவள் பார்த்திருந்த பழைய தழும்பு. அவருடைய கால்தான். பதினாறு வருடம் கழித்து, வலியோடு திரும்பி வந்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் கணுக்காலுக்குப் போனாள்.

அங்கே வேறு ஏதோ இருந்தது. சில்லென்று. கயிறு சுற்றியதுபோல். தடவினாள். கயிறு இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எதிர்ப்புறம் கட்டைவிரல். நகங்களுக்குள் மண்.

கையை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

"என்னங்க... உங்க காலை யாரோ பிடிச்சிருக்காங்க."

அவர், மாத்திரை நின்றதிலிருந்து பேசாததையெல்லாம் சேர்த்துவைத்ததுபோல, மெதுவாகச் சொன்னார்.

"தூங்குமூஞ்சி."

படையில் அவரோடு லாரி ஓட்டியவன். கியர் மாற்றுகிற கையோடு தூங்கிவிடுவான் என்று சொல்லி முன்பெல்லாம் சிரிப்பார். குண்டு விழுந்து செத்துப்போனான் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"கட்டடம் இடிஞ்சு விழுந்தப்ப அவன் எனக்குக் கீழ மாட்டிக்கிட்டான். என் காலைப் பிடிச்சுக்கிட்டான். என்னை விட்டுட்டுப் போயிராத, விட்டுட்டுப் போயிராதன்னு பதினோரு மணி நேரம். போக மாட்டேன்டான்னு சொன்னேன். அப்புறம் ஆளுங்க வந்தாங்க. மேல சுவர் சரிய ஆரம்பிச்சிருச்சு. நேரம் இல்ல. காலை வெட்டித்தான் என்னை எடுத்தாங்க."

"அவரு?"

"பிடிச்சுக்கிட்டேதான் இருந்தான். உயிரோட." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாத்திரை போட்டா அவன் தூங்கிருவான்மா. இப்ப முழிச்சுக்கிட்டான்."

மறுநாள் அந்தக் கை கணுக்காலில் இல்லை. ஆடுசதையில் இருந்தது. அதற்கடுத்த நாள் முழங்காலுக்குக் கீழே. சுவரேறுகிறவன்போல, பிடித்துப் பிடித்து மேலே வந்துகொண்டிருந்தது. பிடி இறுகும்போதெல்லாம் கணவரின் முதுகு வில்லாக வளைந்தது. அவள் அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். ஒவ்வொன்றாக. கெஞ்சினாள். "விட்டுருப்பா. அவரால முடியல. விட்டுரு." விரல்கள் மர வேர்கள்போல் இருந்தன.

இருபதாம் நாள் வேலைக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போனாள். டாக்டரம்மா எதிரில் உட்கார வைத்தாள்.

"பத்து நாளைக்காவது குடுங்க டாக்டர். அவர் தூங்கறதே இல்ல."

"அவர்மேல ஒரு தப்பும் இல்லம்மா. ஒழுங்கா சாப்பிட்டவர்னு எனக்கே தெரியுது. ஆனா என்னால எழுத முடியாது." பிறகு ஒரு படிவத்தை எடுத்தாள். "மாத்திரை நின்னப்புறம் வீட்ல வேற ஏதாவது மாற்றம் தெரியுதா?"

அவள் அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்வது? எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

"இல்லீங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது அந்த மரம் அறுக்கும் ஓசை கேட்கவில்லை. உள்ளறைக்கு ஓடினாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாயிலிருந்து துண்டு நழுவிக் கிடந்தது. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. மார்பு ஏறி இறங்கியது. பதினாறு வருடத்துக்கு முன், லாரியில் ஏறிப் போவதற்கு முந்தைய இரவு தூங்கிய முகம் அது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பழக்கத்தில் கை தானாக விரிப்பின்மேல் போனது.

கால் இல்லை.

துணி மட்டும். அவள் துழாவினாள். முழங்கால் இல்லை. கணுக்கால் இல்லை. நிம்மதியில் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது அது அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

மென்மையாகத்தான். இருட்டில் துணை கிடைத்தவன் பிடிப்பதுபோல். பிறகு இறுகியது. எலும்புவரை ஏறிய வலியில் வாய் திறந்தது. கணவர் முகத்தைப் பார்த்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு தூங்குகிறார். இன்னொரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே வெயில். யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள்.

பிடி முழங்கைக்கு ஏறியது. இன்னொரு கை தோளுக்கு வந்தது. மடியில் மெல்ல ஒரு பாரம் இறங்கியது. ஒரு தலை. ஈரமாக. சேலையில் மண் உதிர்ந்தது. அது நடுங்கிக்கொண்டிருந்தது. உதடுகள் அவள் தொடைமேல் அசைந்தன. விட்டுட்டுப் போயிராத.

"போகல" என்றாள். சத்தமில்லாமல். "தூங்கு."

நடுக்கம் அடங்கியது.

மெத்தை மறுபடி அமிழ்ந்தது. கட்டிலின் கால்மாட்டில். ஒரு பள்ளம். அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று, தவழ்ந்து வருகிற உள்ளங்கைகள்போல்.

அந்தக் கட்டடத்துக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அவள் அவரிடம் கேட்டதே இல்லை.