குதிரை இல்லாத ட்ரெய்லர்

லண்டனுக்கு வெளியே, எப்பிங் பக்கத்துப் பண்ணை வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. 2007ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதம். ஜீப்பை நிறுத்திய இம்மாகுலேற் பக்கத்தில் இருந்த தங்கை மேரிறோஸைப் பார்த்தாள். அவள் சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. புருஷன் இறந்து ஒன்றரை வருஷமாகியும் அவளாக எதையும் செய்வதில்லை. இறங்கு என்றால் இறங்குவாள்.

அந்தத் தங்கைக்கு ஒரு தொழில் அமையட்டும் என்றுதான் இந்தப் பழைய ட்ரெய்லரை வாங்க வந்தாள். முன்பாதியில் கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி. பின்பாதியில் ஒரு குதிரை நிற்க இடம். போட்டிகளுக்குக் குதிரை கொண்டுபோகிறவர்கள் அதற்குள்ளேயே சமைத்துப் படுத்துக்கொள்வார்களாம். குதிரைப் பக்கத்தைக் கழுவி, நடுப்பலகையை எடுத்துவிட்டால் ஓடும் சமையலறை தயார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் பதினாறு வருஷம் வேலை பார்த்த இம்மாகுலேற் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஜூன் மாதத் தமிழர் விளையாட்டு விழாவில் கொத்துரொட்டி போட இடமும் பிடித்துவிட்டாள்.

விற்றவர் ஒரு வயதான வெள்ளைக்காரர். ட்ரெய்லருக்குக் கிட்டவே வரவில்லை. தள்ளி நின்று பூட்டுத் திறப்பை நீட்டினார்.

"ஏன் விற்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இப்போது குதிரை இல்லை," என்றார்.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் தங்கள் வீட்டு வாசலில் ட்ரெய்லரைக் கொண்டுவந்து விட்ட அன்றே, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஹீட்டரின் கேஸ் குழாயை வெட்டி, சிலிண்டரையும் அப்புறப்படுத்தினாள். பழைய கேஸை அவள் நம்புவதில்லை. பிறகு பின்பாதியைக் கழுவினாள். பிளீச் ஊற்றித் தேய்த்துக் கை எரிந்தது. பலகை வெளுத்து, மணமில்லாமல் காய்ந்தது.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் குதிரைச் சாணி மணம் முகத்தில் அடித்தது. தரையில் ஈர வைக்கோல்.

தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடாக இருந்தது.

பெடியள் யாரோ விட்ட சேட்டை என்று திட்டிக்கொண்டே கூட்டி அள்ளினாள். புதுப் பூட்டு வாங்கிப் போட்டாள். மறுநாளும் வைக்கோல். அதற்கு மறுநாளும். விற்றவருக்குப் போன் எடுத்தால் மணி அடித்து அடித்து நின்றது. ஒரு கிழமையில் இருபது தரமாவது எடுத்திருப்பாள்.

பக்கத்து வீட்டு யோகமலர் கைக்குழந்தையோடு வேலியருகே வந்தாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. மத்தியானத்திலை பிள்ளை நித்திரை கொள்ளுறானில்லை. உங்கடை குதிரை ஒரே உதை."

"எந்தக் குதிரை?"

"உதுக்குள்ளை நிக்கிற குதிரைதான். மூண்டு மணியெண்டால் தொடங்கும்."

"எடி யோகம், உதுக்குள்ளை ஒண்டும் இல்லை. வந்து பார்."

யோகமலர் வந்து பார்த்தாள். வெறும் பலகை. ஆனால் பின்சுவரின் உட்பக்கத் தகரம் வெளிப்பக்கமாக நெளிந்திருந்தது. அரைவட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டு அடையாளங்கள். அவள் குழந்தையின் தலையைத் தோளோடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

சமையலறையைப் பரிசோதிக்க வந்த அதிகாரி நல்ல மனுஷி. உள்ளே ஒரு நிமிஷம்தான் நின்றாள். "முதலில் குதிரையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். பிறகு என்னைக் கூப்பிடுங்கள்," என்றாள். குதிரையே இல்லை என்று இம்மாகுலேற் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண் தன் கறுப்புக் கோட்டின் கையில் ஒட்டியிருந்த செம்பட்டை மயிர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் காட்டினாள்.

விழாவுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. இம்மாகுலேற்றுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வீட்டுக்குள் வந்து பார்த்தால் தங்கையைக் காணவில்லை.

மேரிறோஸ் ட்ரெய்லர்க் கட்டிலில் கிடந்தாள். இப்போதெல்லாம் அங்கேதான்.

"எழும்படி. நான் ஒருத்தி நாய்படாப் பாடு படுறன், நீ படுத்துக் கிடக்கிறாய்."

"இஞ்சை கணகணப்பாயிருக்கு அக்கா. அவ களைப்பெண்டால் படு எண்டு சொல்லுறா."

"ஆர் சொல்லுறா?"

மேரிறோஸ் சிரித்தாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை இம்மாகுலேற் அன்றுதான் பார்த்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு ஏச மனம் வரவில்லை. விட்டுவிட்டாள்.

அது அவள் செய்த பிழை.

வியாழக்கிழமை. நல்ல வெயில். இம்மாகுலேற் குசினியில் ரோல்ஸுக்குக் கறி கிளறிக்கொண்டிருந்தாள். சுவர் மணிக்கூடு மூன்று காட்டியது.

டம்.

கரண்டி கையில் நின்றது. அவள் காதாலேயே கேட்பது அதுதான் முதல் தடவை.

டம். டம்.

அலுமாரியில் இருந்த கோப்பைகள் கிலுங்கின. வெளியே ஓடினாள். ட்ரெய்லர் சக்கரத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ பெரியது மூச்சுத் திணறிக் கனைத்தது. முன்கதவு திறபடவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"றோஸ்! கதவைத் திற!"

உதைதான் பதில். இன்னும் வேகமாக, இன்னும் பலமாக. கடைசி உதையில் பின்கதவுக் கொளுக்கி தெறித்தது. கதவு தானாகக் கீழே விழுந்து திறந்தது. இம்மாகுலேற் ஏறி, வெறும் பலகைகளுக்குள்ளால் ஓடி, கட்டில் பக்கத்துக்குப் போகும் நடுக்கதவைத் தள்ளினாள்.

உள்ளே அடுப்பங்கரை போலச் சூடு.

மேரிறோஸ் சுவரோரமாக ஒடுங்கிப் படுத்திருந்தாள், பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டதுபோல. கன்னம் செவ்வரத்தம்பூவாகச் சிவந்திருந்தது. தட்டினாள், உலுக்கினாள், கண் திறக்கவில்லை. சிலிண்டர் இல்லாத, குழாய் அறுந்த ஹீட்டரில் நீலச் சுடர் எரிந்துகொண்டிருந்தது.

கக்கத்தில் கைகொடுத்துப் புல்தரைக்கு இழுத்து வந்தாள். உதை அந்தக் கணமே நின்றது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரத்தத்தில் நச்சுப் புகை என்றார். சரியாக எரியாத கேஸ் ஹீட்டரா, மூடின அறையா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார். இம்மாகுலேற் வெளியே வந்து, வெறிபிடித்தவள்போல அந்த நம்பரை மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை கிழவர் எடுத்தார்.

"உள்ளே யார் செத்தது? சொல்லுங்கள்!"

கிழவர் எங்கோ உட்காரும் சத்தம் கேட்டது.

"என் மனைவி. குதிரைக்குச் சுகமில்லை. பக்கத்தில் இருக்க வேண்டுமென்று அதிலேயே படுத்தாள். பனிக்கால மத்தியானம், குளிருக்கு ஹீட்டரைப் போட்டிருக்கிறாள். அவளை எழுப்பத்தான் குதிரை சாகும்வரை அப்படி உதைத்தது. எனக்குக் கேட்டது. நான் எழுந்து போகவில்லை."

விழா, கொத்துரொட்டி எல்லாவற்றையும் இம்மாகுலேற் அன்றோடு விட்டாள். மேரிறோஸ் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், ட்ரெய்லரை ஜீப்பில் கொழுவிப் பழைய இரும்பு நசுக்கும் இடத்துக்குக் கொண்டுபோனாள். தங்கையைத் தனியே விடப் பயந்து அவளையும் ஏற்றிக்கொண்டாள்.

அங்கே ட்ரெய்லரை மட்டும் தராசு மேடையில் நிறுத்தினார்கள். வேலையாள் இலக்கத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். தகட்டில் போட்டிருந்த எடையைவிட ஐந்நூறு கிலோ கூட. உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு, "காலிதான்," என்று இறங்கினான். பாரந்தூக்கி ட்ரெய்லரைத் தூக்கிப் போட, இரும்புத் தாடைகள் மூடின. ஒரேயொரு கனைப்பு. பிறகு தகரம் நெரிபடும் ஓசை.

அந்தக் குதிரைக்காக இம்மாகுலேற் சிலுவை போட்டுக்கொண்டாள்.

வெளிவாசலில் காவலாளி ஜீப்பை மறித்து, கொப்பியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்தான். "வந்தது இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறது. மூன்று பேர் போகிறீர்களே?"

"இரண்டு பேர்தான்," என்றாள் இம்மாகுலேற், எரிச்சலோடு.

அவன் பின்சீட்டை இன்னொரு முறை பார்த்தான். தோளைக் குலுக்கி, எதையோ வெட்டி எழுதிவிட்டுத் தடையை உயர்த்தினான்.

வண்டி தெருவுக்குத் திரும்பியது. மேரிறோஸ் குனிந்து, தன் சீட்டின் பிடியை இழுத்து, பின்னால் இருப்பவருக்குக் கால் நீட்ட இடம் விட்டு, முன்னுக்குத் தள்ளி உட்கார்ந்தாள்.